கரகம் வரட்டும்

எல்லம்மா வீதியில் தாட்சாயணியின் கூழைக் குடிக்காத வாய் கிடையாது.

சித்தூர் வெயில் தார் ரோட்டை இளக்குகிற மே மாதத்தில், கோயிலுக்கு எதிரே பந்தல் போட்டு, மஞ்சள் பூசிய பானையை வைத்து, ஜாத்திரைக்குப் பத்து நாள் முன்பிருந்தே ஊற்றத் தொடங்கிவிடுவாள். ஆட்டோக்காரர்கள் வருவார்கள். பழைய இரும்புக் கடை சலீமும் அவன் ஆட்களும் வருவார்கள். மாம்பழ ஜூஸ் ஃபேக்டரிக்கு சீசன் வேலைக்கு வந்த பீகார் பையன்கள் பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்து நிற்பார்கள். வீதிக் கடைசியில் இருக்கும் சபைக்குப் போகிறவர்கள்கூட பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் போவார்கள். நீ யார், எந்த ஊர் என்று பானைக்குப் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்கக் கூடாது. அது தாட்சாயணி போட்ட சட்டம். மீறிக் கேட்டவர்களுக்குக் கரண்டியைக் காட்டுவாள்.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், குழந்தை வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆரம்பித்த கூழ். குழந்தை வரவில்லை. கூழ் நிற்கவில்லை.

போன கார்த்திகையில் ஒரு நாள், மாடி அறையைக் கேட்டு ஜெபகுமாரும் தரணியும் வந்து நின்றார்கள். வாலாஜாபேட்டைப் பக்கத்துப் பிள்ளைகள். அவன் கிறிஸ்தவன், அவள் இந்து. சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டதில் இரண்டு வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டன. அவனுக்குத் திருப்பதி லாட்ஜுகளில் லிஃப்ட் ரிப்பேர் வேலை. அங்கே வாடகை கட்டுப்படியாகாமல், சித்தூரில் தங்கி பஸ்ஸில் போய்வரலாம் என்று இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"என் பேரச் சொல்ற வரைக்கும் எல்லா வீட்லயும் ரூம் கீதுக்கா," என்றான் ஜெபகுமார் சிரித்துக்கொண்டே. "சொன்னதும், ஐயோ நேத்துதான் போச்சேன்றாங்க."

"ஏழுமலையானைப் பாக்க வர்ற ஜனங்கள மேல ஏத்தி எறக்கறது நீதானா?"

"மலைக்கு இல்லக்கா. மூணாவது மாடிக்கு."

தாட்சாயணி சிரித்துவிட்டாள். அந்தப் பெண்ணைப் பார்த்தாள். முகம் வாடியிருந்தது. முந்தானையை இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மாசம்?"

"மூணு," என்றாள் தரணி.

தாட்சாயணி சாவியைக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மாடிக்கும் கீழுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. தரணிக்குப் புளிப்பு வேண்டுமென்றால் தாட்சாயணி மாங்காய் நறுக்கினாள். தாட்சாயணிக்கு முதுகு வலித்தால் தரணி தைலம் தேய்த்தாள். தாட்சாயணியின் வீட்டுக்காரன் சிட்டிபாபு பம்பை அடிக்கிறவன். அதிகம் பேசமாட்டான். அவன்கூட சந்தையிலிருந்து வரும்போது, 'துன்னும்மா' என்று வேர்க்கடலைப் பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தான்.

எல்லாம் காப்புக் கட்டுகிற வரைக்கும்தான்.

எல்லம்மா வீதிக்கு ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீதியின் இரண்டு முனையிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, வேப்பிலைத் தோரணம் கட்டி, வீட்டுக்கு வீடு மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மனை வழியனுப்புகிற வரைக்கும், கயிறு கட்டியவர்கள் கோட்டைத் தாண்டக் கூடாது. கயிறு இல்லாதவர்கள் பகலில் வரலாம், போகலாம். இரவில் தங்கக் கூடாது. சலீம் வீட்டைப் போல நாலைந்து முஸ்லிம் வீடுகளுக்கு மட்டும் பாட்டன் காலத்திலிருந்தே விலக்கு. அவர்களுக்குக் கயிறும் இல்லை, கோடும் இல்லை.

அந்த ஐந்து நாளில் வீதிக்குள் பிறப்பு, இறப்பு எதுவும் நடந்துவிடக் கூடாது. தீட்டு. மாசமான பெண்களைக் காப்புக்கு முன்பே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

தரணிக்கு எந்தத் தாய்வீடு?

காப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமையே கோயில் கமிட்டிச் செயலாளர் சுரேஷ்பாபு வந்துவிட்டார். நல்ல மனிதர். யாரையும் அதட்டிப் பேசமாட்டார். தெலுங்கும் தமிழும் கலந்து, கல்யாணத்துக்குக் கூப்பிடுகிற மாதிரி பேசுவார். தாட்சாயணி அவருக்கு வதினா, அதாவது அண்ணி.

"எப்புடு வதினா டெலிவரி?"

"இன்னும் பன்னெண்டு நாள் கீதுன்னு டாக்டரம்மா எழுதியிருக்காங்க."

"டாக்டர் எழுதுவாங்க. பாப்பா படிச்சிட்டா வருது?" என்று அவரே சிரித்துக்கொண்டார். "நாங்க யாரையும் வெரட்டல வதினா. ஒக்க வாரம் வேற எங்கயாவது. தருவாத்த திரும்பி வந்துரட்டும். மன அம்மாயி, நம்ம பொண்ணுதானே."

இதைக் கேட்டுக்கொண்டே சலீம் ஒரு சொம்புக் கூழை முடித்துவிட்டு வாயைத் துடைத்தான். "அக்கா, அடுத்த தெருவுல எங்க அக்கா வீடு கீது. ஆஸ்பத்திரிக்கு எதிர்ல. அஞ்சு நாள் இருந்துட்டு வரட்டும். எங்க அக்கா மூணு பெத்தவ, பாத்துக்குவா."

எவ்வளவு லேசாகத் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம்! சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

ஆனால் தாட்சாயணிக்குச் சுருக்கென்றது. ஆறு மாதம் தைலமும் மாங்காயுமாக வளர்த்த உறவை, மூட்டை மாதிரி இன்னொரு வீட்டுப் படியில் இறக்குவதா? அதுவும், பெற்றவள் ஒருத்தி பார்த்துக்கொள்வாளாம். பெறாதவளுக்குப் பார்க்கத் தெரியாதாமா?

"என் பொண்ணு எதுக்கு அடுத்த வீட்ல போய் கெடக்கணும்?" என்றாள்.

"உன் பொண்ணா?" என்றார் சுரேஷ்பாபு.

"ஆமா. நாளைக்கு வளையல் அடுக்கறேன். அம்மா ஸ்தானத்துல நானே அடுக்கறேன். அப்பறம் அவளுக்கு இதான் தாய்வீடு. கயிறு கட்டறதுக்கு இன்னா தடை?"

சுரேஷ்பாபு யோசித்தார். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது, சாஸ்திரத்திலும் இடமிருந்தது. பூசாரி ரங்கையாவைக் கேட்டார்கள். வளையல் அடுக்கி மடியில் அரிசி போட்டுவிட்டால் அவள் அந்த வீட்டுப் பெண்தான், கயிறு கட்டலாம் என்றார். ஜெபகுமாருக்கு மட்டும் கயிறு கிடையாது. அவன் ஐந்து ராத்திரி வெளியே தங்கிக்கொள்ள வேண்டும்.

"அதுக்கென்னக்கா, லிஃப்ட் மோட்டார் ரூம்ல படுத்துக்குவேன். ஜில்லுன்னு இருக்கும்," என்றான் அவன். மோட்டார் அறை எப்படி ஜில்லென்று இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை வளையல் அடுக்கினார்கள். வீதியே வந்தது. புளிசாதம், சக்கரைப் பொங்கல் எல்லாம் செய்து, 'நம்ம வீதிக்கு எவ்ளோ பெரிய மனசு' என்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டார்கள். தரணி அழுதாள். "அம்மா" என்று முதல் தடவையாகக் கூப்பிட்டாள். தாட்சாயணிக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரங்கையா தரணியின் கையில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். மூன்று முடிச்சு.

தாட்சாயணி செய்த தப்பு அதுதான். வாடகைக்கு இருக்கிற வெளியூர்க்காரியாக விட்டிருந்தால், அவள் நினைத்த நேரத்தில் கோட்டைத் தாண்டிப் போயிருப்பாள். வீதியின் பெண் என்று ஆக்கியதால் வீதியின் பூட்டும் அவளுக்குச் சேர்த்து விழுந்தது. அன்றைக்கு இது ஒருவருக்கும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி. பந்தலில் வரிசை நீண்டிருந்தது. கரண்டியும் கையுமாக இருந்த தாட்சாயணியைத் தேடி, சுவரைப் பிடித்துக்கொண்டு தரணி வந்தாள்.

"ம்மா, இடுப்பு ஒரு மாதிரி இஸ்துக்கினு கீது."

"சூட்டு வலியா இருக்கும். இந்தா, கூழு குடி."

அரை மணி நேரத்தில் அவள் மறுபடி வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வேர்வை மணி மணியாக நின்றது. தாட்சாயணிக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு, அவளைத் தாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். ஜெபகுமாருக்கு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் அவன் போனை மேலே வைத்துவிடுவான்.

சலீம் வாசலுக்கு வந்தான். இரும்பு ஏற்றுகிற மூன்று சக்கர ஆப்பே வண்டியைத் திருப்பி நிறுத்தி, பின்னால் பாயும் விரித்து வைத்திருந்தான்.

"அக்கா, வண்டி ரெடி. ஏத்து. அஞ்சு நிமிசம்."

"கயிறு கீதே சலீம்."

"அத அவுத்துட்டு ஏத்து."

"நான் எப்டி அவுக்கறது? கட்டனவருதான் அவுக்கணும்."

ரங்கையாவோ காலையிலேயே கரகத்தைத் தலையில் ஏற்றிவிட்டார். கரகம் ஏறிவிட்டால் வாயில் எலுமிச்சம்பழத்தைக் கவ்விக்கொள்வார். சபை இருக்கிற முனையிலிருந்து வீடு வீடாகப் போய், எல்லா வாசலிலும் தண்ணீர் வாங்கி முடித்துக் கோயிலில் இறக்குகிற வரைக்கும் பேசக் கூடாது. யாரும் குறுக்கே போகக் கூடாது. அந்த வரிசையில் தாட்சாயணியின் வீடு கடைசியிலிருந்து இரண்டாவது.

கரகத்துக்கு முன்னால் பம்பை அடித்துக்கொண்டு போன சிட்டிபாபுவுக்கு ஆள் அனுப்பினாள். அவன் பம்பையோடு ஓடி வந்தான்.

"அவரக் கேளுய்யா, கயித்த அவுக்கலாமான்னு."

"வாயில பழம் கீதுடி. எப்டி பேசுவாரு?"

"தலையாட்டச் சொல்லு!"

"தலை மேல கரகம் கீதே!"

சிரிக்க வேண்டிய பேச்சு. யாரும் சிரிக்கவில்லை. தூரத்தில் பம்பை இல்லாமல் மேளம் தடுமாறியது. சிட்டிபாபு திரும்பி ஓடினான்.

வாசலில் பெண்கள் கூடிவிட்டார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். தலைச்சன் பிரசவம், பொழுதுசாய வரைக்கும் இழுக்கும். கயிற்றோடு நாயுடுபேட்டைக்கு லோடு ஏற்றிக்கொண்டு போன டிரைவர் கதை உனக்குத் தெரியாதா, வீடு திரும்பினானா? அவன் பெரிய ஆள். இது வயிற்றில் இருக்கிற பிஞ்சு.

கடைசியில் சொன்னது தரணியின் காதில் விழுந்தது. அவள் கயிறு கட்டிய கையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"அவுக்காதீங்கம்மா. கொழந்தைக்கு எதுனா ஆயிடும். நான் தாங்கிக்குவேன். கரகம் வரட்டும்."

சலீம் வாசல்படியில் நின்று கத்தினான். "அக்கா! எனக்குக் கயிறு இல்ல. என் வண்டிக்கும் இல்ல. நான் தூக்கிக்கினு போறேன். பாவம் புண்ணியம் எதுவானாலும் எம்மேல வரட்டும். நீ ஊம்னு சொல்லு போதும்."

தாட்சாயணி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தரை. கரகம் பன்னிரண்டுக்குள் வந்துவிடும். வந்ததும் வாசலிலேயே காலில் விழுந்து கையை நீட்டினால், பேசாவிட்டாலும் முடிச்சை அவிழ்த்துவிடுவார். குழந்தைக்கும் கெடுதல் இல்லை, அம்மனுக்கும் குறை இல்லை, பானைக்கும் தீட்டு இல்லை. இத்தனை நாள் காத்திருந்தவளுக்கு ஒன்றரை மணி நேரமா பெரிது?

"இருப்பா," என்றாள். "கரகம் வரட்டும்."

பன்னிரண்டு ஆனது. மேளச் சத்தம் இன்னும் சபைப் பக்கத்திலேயே கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வாசலிலும் புடவை சாத்துகிறார்களாம். வெயிலில் ரங்கையாவுக்குக் கால் தள்ளாடுகிறதாம். கோட்டுக்கு வெளியே இருக்கிற ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸையாவது கூட்டிவரலாமா என்று யாரோ கேட்டார்கள். வீட்டுக்குள் பிரசவமானால் தீட்டாச்சே என்று யாரோ அடக்கினார்கள்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தரணிக்குப் பனிக்குடம் உடைந்தது. பாயில் வழிந்த தண்ணீர் பாசி மாதிரி பச்சையாக இருந்தது.

அதைப் பார்த்த மறு நொடி தாட்சாயணி அலறினாள். சலீம் செருப்போடு உள்ளே வந்தான். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தரணியைப் பாயோடு தூக்கிக்கொண்டு போய் வண்டியில் கிடத்தினான். தாட்சாயணியும் பின்னாலேயே ஏறி, அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள்.

வண்டி சுண்ணாம்புக் கோட்டுக்கு வந்தது. வேப்பிலைத் தோரணம் காற்றில் ஆடியது.

"வதினா!" என்று பின்னாலிருந்து சுரேஷ்பாபு ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "நீ தாண்டக் கூடாது. பானை உன்னுது. பானைக்காரி தாண்டினா இந்த வருசம் ஜாத்திரையே போச்சு. அந்தப் பொண்ண அனுப்பு, சலீமோட அக்கா வருவாங்க. நீ எறங்கும்மா, தண்டம் பெடதானு."

அவர் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார்.

தாட்சாயணி இறங்கினாள்.

ஏன் இறங்கினோம் என்று அதற்கப்புறம் அவள் எத்தனையோ விதமாக யோசித்துப் பார்த்தாள். பதின்மூன்று வருடப் பழக்கம். கும்பிட்ட கை. கால் தானாக இறங்கிவிட்டது. தரணி தலையைத் தூக்கி, "ம்மா, நீ வரலியா?" என்று கேட்டதும், வண்டி நகர்ந்ததும் ஒன்றாகவே நடந்தன. கயிறு கட்டிய அந்தக் கை வண்டிக் கம்பியைப் பிடித்திருந்தது. திருப்பத்தில் மறைகிற வரைக்கும் அது மட்டும் தெரிந்தது.

அவள் வீடு திரும்பியபோது கரகம் வாசலில் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் ரங்கையா எலுமிச்சம்பழத்தைக் கவ்வியபடி காத்திருந்தார். தாட்சாயணி குடத்தைத் தூக்கி அவர் காலில் ஊற்றினாள்.

சித்தூர் ஆஸ்பத்திரியில், குழந்தையின் துடிப்பு இறங்கிக்கொண்டே போகிறது என்று ஆம்புலன்ஸில் ஏற்றித் திருப்பதிக்கு அனுப்பிவிட்டார்கள். கூடப் போன சலீமின் அக்கா வழியெல்லாம் துவா ஓதிக்கொண்டே போனாளாம். சந்திரகிரி தாண்டுகிற வரைக்கும் உள்ளே அசைவு இருந்தது என்று தரணி சொன்னாளாம். ஜெபகுமார் கிரீஸ் கையோடு ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தானாம். ஆண் குழந்தை. மூன்று கிலோ. அழவே இல்லை. ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம்.

இதெல்லாம் போனில் வந்த சேதி. சாயங்காலத்துக்குள் வீதிக்கே தெரிந்துவிட்டது.

பெண்கள் வந்து தாட்சாயணியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். உண்மையாகவே அழுதார்கள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்: "எல்லைக்கு வெளியதான ஆச்சு?"

"ஆமா, திருப்பதியில."

"அப்ப தீட்டு இல்ல. அம்மா நம்ம வீதியக் காப்பாத்திட்டா."

இன்னொருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது வாசலைத் தாண்டிப் பந்தலுக்குப் போயிற்று, கோயிலுக்குப் போயிற்று. அம்மா காப்பாத்திட்டா. சுரேஷ்பாபு வந்து, தரணிக்கும் ஜெபகுமாருக்கும் வேண்டியதைக் கமிட்டி பார்த்துக்கொள்ளும், ஹார்லிக்ஸ், பழம் எல்லாம் அனுப்புகிறோம் என்றார். போகும்போது, "பானை சுத்தமா இருக்கு வதினா. நாளைக்கு ஊத்தலாம்," என்று ஆறுதலாகச் சொன்னார்.

புதன்கிழமை அவள் ஊற்றினாள். கை தானாக மொண்டது, தானாக ஊற்றியது. வரிசையில் பீகார் பையன்கள் இருந்தார்கள், ஆட்டோக்காரர்கள் இருந்தார்கள். சலீமின் கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. சொம்பு ஒன்று அனுப்பினாள். போன மாதிரியே திரும்பி வந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஜெபகுமார் வந்தான். பகலில் உள்ளே வர அவனுக்குத் தடையில்லை. ஆனாலும் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டு கையை உயர்த்தினான். தாட்சாயணி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். சுண்ணாம்புக் கோடு கால்பட்டு அழிந்து, இருக்கிறதா இல்லையா என்று கிடந்தது. இந்தப் பக்கம் அவள் நின்றாள்.

அவன் திட்டுவான் என்று நினைத்தாள். திட்ட வேண்டும் என்றே நினைத்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண், அதே கிரீஸ் சட்டை.

"புதைச்சிட்டோம்க்கா. சபைக்காரங்க கல்லறைத் தோட்டத்துல எடம் குடுத்தாங்க. சலீம் அண்ணன்தான் குழி வெட்டனாரு. அவ நல்லா கீறா. இன்னும் ரெண்டு நாள்ல அனுப்பிடுவாங்க. எங்க சித்தப்பா ஒருத்தர் சூளூர்பேட்டைல கீறாரு. அங்க போயிடலாம்னு பாக்கறோம். சாமான நான் அப்பறமா வந்து எடுத்துக்கறேன்."

தாட்சாயணி தலையாட்டினாள்.

"ஒண்ணு கேட்டுக்கினு வரச் சொன்னாக்கா." அவன் குரல் தயங்கியது. "அந்தக் கயிறு. நர்ஸு வெட்ட வந்தப்போ கைய இஸ்துக்கினா. ஊசி போடறதுக்குக்கூட அந்தக் கையக் குடுக்கலை. எப்ப அவுக்கலாம்னு அம்மாவக் கேட்டுக்கினு வான்னா."

அறுத்துப் போடச் சொல் என்று அவளுக்குள் ஒரு குரல் கதறியது. அறுத்துச் சாக்கடையில் வீசச் சொல். தன் மணிக்கட்டைப் பார்த்தாள். வேர்வையில் நனைந்து நனைந்து மஞ்சள் போய் வெளுத்திருந்தது அவள் கயிறு. மற்றக் கை அதன் முடிச்சைத் தொட்டது. தொட்டபடியே இருந்தது.

"நாளைக்கு," என்றாள். "சாயங்காலம் அம்மனை அனுப்பிடுவாங்க. ஆறு மணிக்கு மேல அவுக்கலாம்னு சொல்லு."

"ஆறு மணிக்கு மேல," என்று, மாத்திரை எப்போது கொடுப்பது என்று கேட்டுக்கொள்கிறவனைப் போல அவன் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். "சரிக்கா."

அவன் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

"அக்கா, கூழு!" என்று பந்தலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். வரிசை வெயிலில் நின்றுகொண்டிருந்தது. தாட்சாயணி முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.